ஒற்றை விரல், ஒற்றைக் கம்பி

மதியம் ஒன்று நாற்பதுக்குத் திரையில் கடைசி வரி விழுந்தது. என் மகள் ஏறிப்போன வள்ளம் கடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எண்களாகச் சொன்ன வரி. அடுத்தது ஒரு நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, மேசைக்குப் பின்னால் தொங்கிய கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கட்டவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மறந்துவிட்டதாக என் மகள் சொல்கிறாள். என்னால் முடியவில்லை. பேச்சின் நடுவே யாராவது ஆள்காட்டி விரலைத் தூக்கினால் இன்றும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுகிறேன். அந்த விரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்லதாக எழுத வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவரை நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். தூத்துக்குடியில் பிறந்து, பெங்களூரில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டவர். அங்கே வள்ளங்களுக்கான ஒரு சின்னப் பெட்டியைச் செய்தோம். வள்ளத்தில் இருக்கும் பெட்டி, தான் இருக்கும் இடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவில் கரைக்குச் சொல்லும். ஆபத்து என்றால் அமுக்குவதற்கு அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதையெல்லாம் கேட்டு வாங்கும் இன்னொரு பெட்டி எங்கள் பட்டறையில் இருந்தது. அதைக் கரைப்பெட்டி என்போம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கப்பல் ரேடியோக்களைப் பழுது பார்க்கும் கடையில் பல வருடம் இருந்துவிட்டு, இங்கே சோதனைப் பொறுப்புக்கு வந்தேன். என் மகள் பிரின்சி இன்ஜினியரிங் முடித்து எனக்குப் பிறகு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே எனக்கு மேல்பதவியில் உட்கார்ந்தாள். என் கணவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். போன் வராத நாட்களோடு குடும்பம் நடத்துகிறவள் நான். அது பழகிவிடும் என்று சொல்பவர்கள் நடத்திப் பார்க்காதவர்கள்.

மேடத்துக்கு எதையும் ஓடவிட்டுப் பார்க்கத் தெரியாது. நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். அதற்கு அவர் வைத்திருந்த கருவி வலது கை ஆள்காட்டி விரல். அதை முகத்துக்கு நேராகத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தாமலே எல்லோரும் நின்றுவிடுவோம்.

பிரின்சியின் பிறந்தநாளுக்குப் பட்டறையில் கேக் வெட்டினோம். எல்லோரும் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வரி முடியும்போது மேடத்துக்கு ஏதோ நினைவு வந்துவிட்டது. விரல் மேலே போனது. பாட்டு நின்றது. பிரின்சி கத்தியைப் பிடித்தபடி நின்றாள். மேடம் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினார், யாருக்கோ போன் செய்தார், சிரித்தார், வைத்தார். அதற்குள் மெழுகுவர்த்தி கரைந்து கேக்கின் மேல் நீலமாகப் படர்ந்திருந்தது. திரும்பி எங்களைப் பார்த்து, "ம், பாடுங்க" என்றார். நாங்கள் மூன்றாவது வரியிலிருந்து பாடினோம். ஒருவர்கூட முதலிலிருந்து தொடங்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு நாள் வள்ளப்பெட்டியில் தண்ணீர் கசிவதைப் பற்றிச் சொல்லப் போனேன். "மேடம், மூடிக்கு அடியில போடுற அந்த ரப்பர் வளையம்…" விரல் எழுந்தது. நான் என் மேசைக்குத் திரும்பினேன். மதியச் சாப்பாடு முடிந்தது. டிபன் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தோம். தண்ணீர் லாரி வந்து போனது. அதற்கப்புறம் என் முன்னால் வந்து நின்று, "ம், ரப்பர்?" என்றார். நடுவில் போன நேரம் அவருக்கு இல்லவே இல்லை. தான் நிறுத்திய இடத்தில் உலகம் அப்படியே காத்திருந்து, தான் சொன்னதும் கிளம்பும் என்று அவர் மனதார நம்பினார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்" என்றார். அந்த ரப்பர் மாறவே இல்லை.

அந்த விரலுக்கு மசியாதவர் எனக்குத் தெரிந்து ஒரு ஆட்டோக்காரர்தான். மேடமும் நானும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்ஜினில் ஏதோ கடகடவென்று சத்தம். மேடம் விரலைத் தூக்கி, "நிறுத்துங்க, ஒரு நிமிஷம். அந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாக்கணும்" என்றார். பின்னால் உப்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"எக்கா, வண்டி ஓடுனாத்தான் அந்தச் சத்தம் வரும். நிறுத்திப்போட்டு எங்கன தேடுவிய?"

அடுத்த வளைவில் இறங்கி வேறு ஆட்டோ பிடித்தோம்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். கரைப்பெட்டிக்கும் வள்ளப்பெட்டியின் அதே கூடுதான்; தண்ணீர் போகக் கூடாது என்பதால் அதில் ஓட்டைகள் குறைவு. வெளியே ஒரே ஒரு சாக்கெட். அதற்குள் ஒரே ஒரு சீரியல் போர்ட். அந்த ஒற்றைக் கம்பிக்கு இரண்டு வேலை. ஒன்று கன்சோல்: பெட்டி தான் செய்வதையெல்லாம் வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும், நான் திரையில் படிப்பேன். இரண்டாவது டீபக்கர்: கெர்னல் என்கிற அதன் அடிமனதை அப்படியே உறையவைத்து, உள்ளே ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பது. அது மேடத்தின் வேலை. கெர்னல் உறைந்தால் பெட்டி எதையும் சொல்லாது. அதற்குள் ஓடும் விநாடிக் கணக்கும் எங்கள் சர்க்யூட் போர்டில் நின்றுவிடும். மறுபடி ஓடவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல அடுத்த விநாடியிலிருந்து எண்ணத் தொடங்கும். மேடத்துக்கு ஏற்ற பெட்டி.

ஆரம்பத்தில் அவர் கம்பியை எடுத்துக்கொண்டால் என் திரை சட்டென்று மூடிக்கொள்ளும். தினமும் சண்டை. பிரின்சிதான் ஒரு வழி செய்தாள். நடுவில் ஒரு சின்ன புரோகிராமை உட்காரவைத்தாள். அது ஒற்றைக் கம்பியில் வருவதைப் பிரித்து, கன்சோல் பேச்சை என் திரையில் ஒரு ஜன்னலுக்கும் டீபக்கர் பேச்சை மேடத்தின் ஜன்னலுக்கும் அனுப்பும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கலாம்.

"எனக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு புரோக்கரா?" என்றார் மேடம். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அதில் ஒரு கண்ணி இருந்தது. முன்பெல்லாம் ஜன்னல் மூடினால், மேடம் நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். இப்போது ஜன்னல் திறந்தே இருக்கும். கெர்னல் உறைந்திருந்தாலும் கர்சர் சிமிட்டும். பெட்டிக்குச் செய்தி வரவில்லையா, பெட்டியே நின்றுவிட்டதா என்று என் பக்கத்திலிருந்து சொல்ல முடியாது. பிரின்சி அதையும் யோசித்தாள். ஒரு சிவப்பு ரிப்பனை வாங்கிவந்து, கெர்னலை நிறுத்துகிறவரும் நிறுத்தப் போகிறவரும் கம்பியில் அதைக் கட்ட வேண்டும் என்று விதி வைத்தாள். ரிப்பன் இருந்தால் திரையை நம்பாதே, இல்லாவிட்டால் நம்பு. அவ்வளவுதான்.

மேடம் ரிப்பனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது என்ன கோயில் மரமா, துணி கட்ட? நான் உக்காந்திருந்தா கையில எடுத்திருக்கேன்னு தெரியாதா உங்களுக்கு?"

நாங்கள் எல்லோரும் கட்டினோம். அவர் நினைத்தபோது கட்டினார்.

இவ்வளவு எழுதியும் பிரின்சிக்கு அவர் மேல் இருந்த பிரமிப்பை எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். மேடத்தைப் போல ஒரு போர்டைப் படிக்கிறவர்களைப் பார்த்ததில்லை என்பாள். வீட்டில் தயிர் வேண்டுமா என்று கேட்டால், லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல் விரலைத் தூக்குவாள். "இரும்மா, ஒரு நிமிஷம்." நான் தயிர்க் கிண்ணத்தோடு நிற்பேன். பெற்ற மகளின் கையில் அந்த விரலைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு மேடத்தைப் பிடிக்காமல் போனது. அதற்கு முன்பு பயம் மட்டும்தான்.

கடல் சோதனை நாள் காலையில் துறைமுகத்தில் நின்றிருந்தோம். வள்ளத்தின் சொந்தக்காரரை ஊரே சம்மாட்டி என்றுதான் கூப்பிடும். அறுபதை நெருங்கியவர். பெட்டியோடு ஏறிய பிரின்சியிடம், "வாந்தி வந்தா காத்துக்கு எதுக்க எடுத்திராத தாயி, எம்மேலதான் அடிக்கும்" என்றார். பிறகு மேடத்திடம் திரும்பினார்.

"மத்தியானத்துக்கு மேல மேக்க இருந்து கச்சான் காத்து ஏறும். பன்னெண்டு மணிக்கு நான் வள்ளத்தைத் திருப்பிருவேன்."

"ரெண்டு மணி வரைக்கும் டேட்டா வேணும்."

"காத்துக்கிட்ட சொல்லுங்க."

மேடம் பிரின்சியைப் பார்த்தார். பிரின்சி, "ரெண்டு மணி வரைக்கும் இருந்துட்டு வந்துருவோம் அண்ணாச்சி" என்றாள். சம்மாட்டி முனகிக்கொண்டே என்ஜினைக் கிளப்பினார். நான் குறுக்கே பேசியிருந்தால் விரல் எழுந்திருக்கும், மேடத்தின் கையில் இல்லாவிட்டால் என் மகளின் கையில்.

பட்டறைக்குத் திரும்பியதும் மேடம் செய்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிவப்புப் பொத்தானின் செய்தி கரைப்பெட்டிக்குள் நுழையும் வழியில் ஏதோ பிசகு என்று அவருக்குச் சந்தேகம். யாரும் அமுக்காத பொத்தான். அதனால் அந்த வழியை ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லை. எனவே அங்கே ஒரு பொறி வைத்தார். அந்தச் செய்தி வந்து மிதித்தவுடன் கெர்னல் உறையும். அவர் வந்து நிதானமாகப் பார்ப்பார். பொறியை வைத்தார், திரையைப் பூட்டினார், பெரிய துறைமுகத்து ஆபீசில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரிப்பன் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஒன்று நாற்பதுக்கு என் மகள் அந்தப் பொத்தானை அமுக்கினாள். கடலில் மிதந்த கயிறு ஒன்று என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. என்ஜின் நின்றது. நங்கூரம் பிடிக்கவில்லை. காற்று ஏறியது. அவள் அமுக்கிய செய்தி கரைக்கு வந்தது, பொறியை மிதித்தது, சொல்ல வந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு கரைப்பெட்டி உறைந்தது.

என் திரையில் கர்சர் சிமிட்டியது. ரிப்பன் இல்லை. ஆகவே கரைப்பெட்டி நன்றாக இருக்கிறது, வள்ளம்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். விதி அப்படித்தான். கால் மணி நேரம் சிக்னல் போய்வருவது வழக்கம் என்பதால் அதுவரை பொறுத்தேன். பிரின்சியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. மேடத்தின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டம் என்றால் அணைத்துவிடுவார். சம்மாட்டியின் தம்பி மீன்பிடித் துறைமுகத்தில் இருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

"எக்கா, பொத்தானை அமுக்குனாவளா?"

"இல்ல தம்பி. ஒண்ணும் வரல."

"பெறவு என்னத்துக்குப் பயப்படுதிய? ஆபத்துன்னா அமுக்குவாவ, அதுக்குத்தான பொத்தான் வச்சிருக்கிய. இந்தக் காத்துல சும்மா வள்ளத்தை எறக்குனா என்னையில்லா தேட வேண்டி வரும்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். பிறகு அவர், "எக்கா, நீங்க போனை வச்சாத்தான அண்ணன் கூப்பிட்டா எனக்கு விழும்" என்றார். வைத்தேன். பட்டறை ஜன்னலுக்கு வெளியே உப்பு மூட்டை போர்த்திய தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் மேடம் வந்தார். திரையைத் திறந்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"மாட்டிக்கிச்சு."

நான் ஓடினேன். "மேடம், வள்ளத்துல இருந்து ஒரு வரிகூட வரல, அப்ப இருந்து…"

விரல் எழுந்தது. நான் நின்றேன். என் மகள் கடலில் இருக்க, ஒரு விரலுக்கு நான் நின்றேன். அவர் கெர்னலின் அறைகளைத் திறந்து திறந்து பார்த்தார். "எமர்ஜென்சி மெசேஜ். பிரின்சி டெஸ்ட்டுக்கு அமுக்கியிருக்கா. நல்ல பொண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகுதான் ஓடவிட்டார்.

என் ஜன்னலில் ஆபத்து வரி விழுந்தது, இடத்தோடு. அதற்கப்புறம் எதுவும் இல்லை. வள்ளத்திலிருந்து புதிய வரி வரவே இல்லை. மேடத்தின் முகம் அப்போதுதான் மாறியது. எட்டி என் திரையைப் பார்த்தார். கரைப்பெட்டி மணி சொல்லாது. தான் விழித்ததிலிருந்து எத்தனை விநாடி என்றுதான் சொல்லும். முந்தைய வரிக்கும் ஆபத்து வரிக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லை.

"இப்பத்தான் அமுக்கியிருக்காங்க" என்றார். பெட்டி உறைந்து கிடந்த நேரம் அவர் கணக்கிலும் இல்லை. உடனே சம்மாட்டியின் தம்பிக்குப் போன் செய்து, இடத்தை வாசித்தார். "இப்ப அங்கதான் இருக்காங்க. நேரா அங்க போங்க."

"மேடம், அது இப்ப வந்ததில்ல. பெட்டி நின்னுபோச்சு, அதோட கணக்கும் நின்னுபோச்சு. எனக்குக் கடைசி வரி வந்தது ஒண்ணு நாப்பதுக்கு."

விரல். "ஒரு நிமிஷம். நான் பேசிட்டிருக்கேன்ல."

நான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அவருடைய நகம் என் மணிக்கட்டில் கீறியது. "தம்பி, மேடம் சொன்னது தப்பு. அமுக்குனது ஒண்ணு நாப்பதுக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

மறுமுனையில் அவர் யாரிடமோ வள்ளத்தை இறக்கச் சொல்லிக் கத்தினார். பிறகு, "அப்பம் அங்கன இருக்க மாட்டாவ. கச்சான் கெழக்க தள்ளியிருக்கும். நாங்க வெளிய தள்ளிப் போயித் தேடுதோம். நீங்க செவம் போல நிக்காம துறைமுகத்துக்கு வாங்க எக்கா" என்றார்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மேடம் சொன்னது காதில் விழுந்தது. "பெட்டியை யாரும் ஆஃப் பண்ணிறாதீங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."

பின்னாளில் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்க வந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அன்னைக்கு நடந்தது…" என்று தொடங்கினார். போன் அடித்தது. விரலைத் தூக்கிவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு பட்டறையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்த வாக்கியம் இன்னும் எங்கள் வாசலில் பாதியில் நிற்கிறது. என்றாவது வந்து, "ம், அன்னைக்கு நடந்தது" என்று தொடர்வார். கதவைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்று துறைமுகத்தில் வெயில் இறங்கும்வரை நின்றேன். மேடமும் வந்தார், லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு. அவரிடமிருந்து நாலடி தள்ளி நின்றேன். யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்; குடித்தேனா என்று நினைவில்லை. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி ஒரு வள்ளம் இன்னொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இழுபட்டு வந்த வள்ளம் பாதிக்கு மேல் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. அதில் யாருமே இல்லை. நான் கரை விளிம்புக்கு ஓடினேன். முன்னால் வந்த வள்ளத்திலிருந்து சம்மாட்டி குரல் கொடுத்தார்.

"இங்கன இருக்கு உங்க புள்ள. வாந்தியே எடுக்கல. மொரட்டு ஆளு."

பிரின்சியைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் இறைத்து இறைத்து இரண்டு உள்ளங்கையும் உரிந்திருந்தன. உதட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாய் திறந்தாள்.

"அம்மா, ரப்பர் வழியா தண்ணி இறங்கி, அமுக்கின கொஞ்ச நேரத்துலயே பெட்டி…"

"பிரின்சி, ஒரு நிமிஷம்" என்றார் மேடம். எனக்கும் அவளுக்கும் நடுவே விரல் எழுந்திருந்தது. "எத்தனை தடவை அமுக்கின? ஒரு தடவையா, விட்டு விட்டா?"

இரண்டு வருடமாக அந்த விரலைக் கண்டால் வாக்கியத்தின் நடுவிலேயே நிற்கிறவள் அவள். அன்றைக்கும் என் மகள் நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நடையை நிறுத்தவில்லை. அந்தக் கையை விலக்கிவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஈரம் என் சேலைக்குள் இறங்கியது. திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"மத்தியானத்துல இருந்து நடுக்கடல்ல நின்னுட்டுத்தான் வாரேன் மேடம். இனி நிக்க மாட்டேன்."